பப்பாசிக்குள் இருந்த வெள்ளை நூல்

1

கனடாவுக்கு வந்த புதிதில் சஸ்கட்டூன் நகரத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பெட்டிகளைப் பிரித்துப் பொருட்களைத் தட்டுகளில் அடுக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அடுக்குவது சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. பதில் சொல்வதுதான் வில்லங்கம்.

ஒருநாள் ஒரு பெண்மணி சோயாப் பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் ஜீ.எம்.ஓ. உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் நாட்டில் ஜீ.எம்.ஓ. என்றால் அரசாங்க வைத்திய அதிகாரி. அந்தப் பெண்மணிக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். கடையின் பின்பக்கம் இருந்த மருந்துப் பிரிவைக் காட்டி, டொக்டர் இல்லை, அங்கே கேட்டால் மாத்திரை தருவார்கள் என்றேன். அவர் என்னையும் பால் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் நிரோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "டொக்டர் இல்லம்மா. செடியோட உள்ளுக்க இருக்கிறத மாத்துறாங்க. அப்படி மாத்தினதுக்கு அந்தப் பேரு" என்றாள்.

உள்ளுக்குள் எங்கே, யார் மாற்றுகிறார்கள், எந்தக் கையால் மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் புறப்பட்டவள் பல்கலைக்கழகம், அதற்கு மேல் ஒரு பட்டம் என்று போய், கடைசியில் பயிர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அதையே வேலையாகச் செய்யத் தொடங்கிவிட்டாள்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். மரபணு மாற்றிய உணவு என்று பொதியில் எழுத வேண்டும் எனக் கனடாவில் கட்டாயம் இல்லை. விரும்பியவர்கள் எழுதலாம். ஆகவே, எழுதியிருந்தால் தெரியும், எழுதாவிட்டால் எனக்கும் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வெள்ளைக்காரர்களைப் போலவே உச்சரிப்பேன்.

2

முதன்முதலாக நிரோ என்னைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது நல்ல குளிர்காலத்தில். வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. உள்ளே ஓர் அறை முழுவதும் ஊதா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டுகளில், ஒரு விரல் நகத்தளவுகூட இல்லாத செடிகள் வரிசை வரிசையாக நின்றன. மண் இல்லை. ஏதோ பாகு மாதிரி ஒன்றில் வேர்விட்டிருந்தன. "இதுல ஒவ்வொன்னும் ஒரே ஒரு உயிரணுவுல இருந்து வந்ததும்மா" என்றாள். கும்பிடத் தோன்றியது. அவளுக்கு வெட்கமாக இருக்குமே என்று கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோடையில் நகரத்துக்கு வெளியே கூட்டிப்போய்க் கனோலா வயலைக் காட்டினாள். கடுகு வகைப் பயிர். எண்ணெய்க்காகப் போடுகிறார்கள். மஞ்சள் பூ வானம் தொடங்கும் இடம் வரைக்கும் விரிந்து கிடந்தது. மலைக்குப் பழகிய கண் எனக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து பார்வையை நிறுத்த வேண்டும். அங்கே நிறுத்த ஒன்றுமே இல்லை. இதில் பெரும்பகுதி மாற்றிய விதைதான் என்று அவள் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "இத வாங்குறவங்களுக்குத் தெரியுமா?"

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் சண்டை.

நிரோ இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சாப்பிட வருவாள். பேச்சில் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் சோற்றுத் தட்டு காய்வதற்குள் பொதியில் எழுதுகிற லேபல் பேச்சுக்கு வந்துவிடும்.

"எழுதினா ஆபத்துன்னு நினைப்பாங்க. ஆபத்து இல்லாததுக்கு எதுக்கு எழுதணும்?" என்பாள்.

"கேக்குறாங்களே. என்கிட்ட தினம் கேக்குறாங்க."

"அவங்க கேக்குறது பயத்துல, அம்மா. நீங்க அவங்க பயத்துக்குச் சேவகம் செய்றீங்க."

என் கணவர் நகர பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஆட்களின் சத்தம் கேட்டுப் பழகியவர். நாங்கள் தொடங்கினால் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடுவார்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டையின் நடுவில்தான் நாவுலவிலிருந்து என் தம்பி சிவராஜின் அழைப்பு வந்தது. அங்கே அப்போது நள்ளிரவு கழிந்திருக்கும்.

3

தம்பி கல்யாணம் முடித்த கையோடு தோட்டத்தை விட்டு இறங்கி, மனைவி செல்வராணியின் ஊரான நாவுலப் பக்கம் போய்விட்டான். செல்வராணியின் அப்பா வாங்கிப்போட்ட காணியில் பப்பாசி வைத்தான். தம்புள்ளைச் சந்தைக்குப் போடுவான். நல்ல பழமாகத் தெரிந்தெடுத்துச் சீகிரியாவில் உள்ள ஹோட்டல்களுக்குக் கொடுப்பான். வெளிநாட்டுக்காரர்கள் காலையில் முதலில் கேட்பது பப்பாசிதான் என்று பெருமையாகச் சொல்வான்.

அன்றைக்குத் தொலைபேசித் திரையில் தெரிந்த அவன் முகத்தில் பெருமை இல்லை.

"அக்கா, ஒரு மரத்தக்கூட விடல. இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டுருச்சு. காயெல்லாம் வட்டம் வட்டமா புள்ளி. விவசாயக் கந்தோர்ல இருந்து வந்து பாத்தாங்க. மருந்து இல்ல, எல்லாத்தையும் வெட்டிருங்கன்னுட்டாங்க. வெட்டிட்டேன்."

நிரோ சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, அது ஒரு வைரஸ். ஹவாய்னு ஒரு தீவுல இதே வந்துச்சு. அங்க பப்பாசிய உள்ளுக்க மாத்தித்தான் காப்பாத்தினாங்க."

தம்பி திரைக்குக் கிட்டே வந்து கேட்டான். "அப்படி ஒரு விதை இருக்கா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிரோவும் கேட்டதில்லை போலும். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டு, "நான் வர்றேன் மாமா. வந்து பாக்குறேன்" என்றாள். கனடாவுக்கு வந்தபின் சின்ன வயதில் ஒருமுறை ஊருக்குப் போனதோடு சரி, அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் வராதவள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களின் வரிசையில் நின்றோம். பிறந்த இடம் இரத்தோட்டை, வந்த காரணம் சுற்றுலா என்றிருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, "இரத்தோட்டை ஆளா, நான் பக்கத்து உக்குவளை" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நிரோவின் தொழிலைக் கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சிங்களச் சொற்களைக் கோத்து, செடி, நல்ல செடி என்றாள். அவர் முத்திரை குத்திவிட்டார்.

தம்பியின் காணியில் இப்போது அடிக்கட்டைகள்தான் நின்றன. மஞ்சள் நிறத்தில் ஒரு கன்று மட்டும் ஓரத்தில் வெட்டப்படாமல் நின்றது. நிரோ மண்டியிட்டு அதன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தம்பி அவளுக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு, வைத்தியர் நாடி பிடிப்பதைப் பார்ப்பவனைப் போல நின்றான்.

"மாமா, உண்மையச் சொல்றேன். அந்த ஹவாய் விதைய இங்க கொண்டாந்தாலும் பிழைக்குமான்னு தெரியாது. இங்க உள்ள வைரஸ் கொஞ்சம் வேற மாதிரி. இந்த ஊருக்குன்னே ஒன்னு செய்யணும். அதுக்கு நாளாகும்."

தம்பி அடிக்கட்டை ஒன்றைக் காலால் தட்டினான். "நாளாகட்டும். செய்ய முடியும்ல?"

"முடியும்."

"அது போதும்."

4

நாவுலவில் விதையும் உரமும் கால்நடைத் தீனியும் விற்கும் நஸீர் நானா, தம்பிக்குப் பல வருடப் பழக்கம். பரம்பரையாக மாத்தளை முஸ்லிம். சிங்களமும் தமிழும் அவருக்கு ஒன்றுபோல வரும். எங்களைப் பார்க்க வந்தவர், வருகிற ஞாயிறு காலை விவசாயிகள் சங்க மண்டபத்தில் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னார். கொழும்பிலிருந்து நுகர்வோர் அமைப்பு ஒன்று வருகிறது. மரபணு மாற்றிய உணவைக் கொண்டுவருவதென்றால் அனுமதி வேண்டும், பொதியில் எழுத வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் பொதியில்லாமல் விற்கிற பழத்துக்கு என்ன செய்வது, ஹோட்டல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, விதைக்கு என்ன செய்வது? ஊர் ஊராகப் போய் அபிப்பிராயம் கேட்கிறார்களாம்.

"மகளும் வந்து ரெண்டு வார்த்த பேசட்டுமே" என்றார்.

நிரோ என்னைப் பார்த்தாள். "எனக்கு அந்த அளவுக்குத் தமிழ் வராது."

"நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் சிங்களத்துல போட்டுத் தாறேன்" என்றார் நஸீர் நானா.

அன்றைக்குச் சாயந்தரமே தம்பி வீட்டில் கூட்டம் தொடங்கிவிட்டது. தம்பிக்கு விதை வேண்டும், லேபல் வேண்டாம். செல்வராணிக்கு லேபல் வேண்டும், விதையைப் பற்றி நிச்சயமில்லை.

"ஒட்டினா ஹோட்டல்காரன் கையால தொட மாட்டான். அப்புறம் விதைய வச்சு நான் என்னா செய்ய?" என்றான் தம்பி.

"ஒட்டாட்டி நான் எம்புள்ளைக்குக் குடுக்க மாட்டேன். என் வீட்டுக் காணியில காச்சாலும் சரிதான்" என்றாள் செல்வராணி.

நிரோ நடுவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பேசப்பேச, அவள் சஸ்கட்டூனில் என்னிடம் பேசியதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. செல்வராணியின் வாயிலிருந்து நான் பேசியது வந்தது. ஒரு கட்டத்தில் நிரோ என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு லேபலைப் பற்றிய பேச்சில் நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

5

மண்டபத்தில் நான் நினைத்ததைவிடக் கூட்டம். உட்காரும் வாங்குகள் நிறைந்து ஆட்கள் ஜன்னலோரமாகவும் நின்றார்கள். நெல் விதைக்கிறவர்கள், மிளகாயும் வெண்டியும் போடுகிறவர்கள், சீகிரியா ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற ஒருவர்கூட வந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த அம்மையார் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லி, நீங்கள் பேசுங்கள், நான் கேட்க வந்திருக்கிறேன் என்று அமர்ந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் யாராவது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவர் பேசுவார், நாங்கள் கேட்போம். இது வேறு மாதிரி இருந்தது.

தம்பி எழுந்து சிங்களத்தில் தன் கட்சியைச் சொன்னான். அவன் உட்காருவதற்குள் பெண்கள் பக்கமிருந்து செல்வராணி எழுந்து தன் கட்சியைச் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் என்று தெரிந்ததும் மண்டபம் சிரித்தது. நஸீர் நானா எழுந்தபோது சிரிப்பு அடங்கியது.

"எனக்கு ஆபத்தா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்வி" என்றார். "ஒரு செடிக்குள்ள எங்களுக்கு ஹராமான ஒரு மிருகத்துல இருந்து எடுத்தத வச்சிருந்தா? அது விஷமில்ல, சத்தான சாமான்னே வைங்களேன். ஆனாலும் எனக்குத் தெரியணும். சிவராஜ் வீட்டுல வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அவங்களுக்கும் தெரியணும். பயத்துக்காக இல்ல. நாங்க மேல இருக்கிற ஒருத்தனுக்குப் பதில் சொல்லணும்."

நிரோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்தக் காரணத்தை நானும் அவளிடம் சொன்னதில்லை. எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நஸீர் நானா பக்கத்தில் நின்றார். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். ஹவாய்த் தீவுக் கதையைச் சொன்னாள். மரங்கள் போனதைச் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. விதையை எப்படி மாற்றினார்கள் என்ற இடம் வந்ததும் தமிழ் அவளைக் கைவிட்டது.

"அப்புறம் அவங்க... அந்த வைரஸ எடுத்து... பப்பாசிக்குள்ள வச்சாங்க" என்றாள்.

நஸீர் நானா ஒரு கணம் தயங்கினார். ஆனாலும் நேர்மையான மனிதர். அப்படியே சிங்களத்தில் போட்டார்.

மண்டபம் அமளியானது. வைரஸ் என்ற சொல்லோடு இந்த நாடு பட்ட பாடு பழசாகவில்லை. முன் வாங்கில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பழத்தத் தின்னா நமக்கு வருமா?" என்று ஒருவர் தமிழிலும் இன்னொருவர் சிங்களத்திலும் கேட்டார்கள். தம்பி தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான்.

நிரோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, முழு வைரஸ் இல்ல. ஒரு துண்டு. நோய் தராத ஒரு துண்டு." நஸீர் நானா அதையும் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை.

எழுந்து போய் அவளைக் கூட்டி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் அதற்குள் நஸீர் நானாவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆட்கள் ஓடினார்கள். ரோட்டோரப் பழக்கடையிலிருந்து ஒரு பப்பாசி வந்தது. தேத்தண்ணிக் கடையிலிருந்து கண்ணாடிக் கிளாஸ், வடிதட்டு, உப்பு, ஐஸ் கட்டி. யாரோ பாத்திரம் கழுவும் திரவம் கொண்டுவந்தார்கள். மருந்துக் கடையிலிருந்து புண் துடைக்கும் ஸ்பிரிட் போத்தல் வந்தது. அதை ஐஸுக்குள் புதைத்து வைத்தாள்.

மண்டபம் மெல்ல மெல்ல அமைதியானது. சமையல் நடக்கிற இடத்தில் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

பழத்தைப் பிசைந்தாள். உப்பும் திரவமும் கலந்த தண்ணீரை விட்டு, நுரை வராமல் பதமாகக் கலக்கினாள். வடித்தாள். கிளாஸில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் நின்றது. பிறகு குளிர்ந்த ஸ்பிரிட்டைக் கிளாஸின் ஓரத்தில் சாய்த்து, சொட்டு சொட்டாக, தண்ணீருக்கு மேல் தனியாக நிற்கும்படி விட்டாள்.

"இப்பக் கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு வெண்மை திரண்டது. புகை போல இருந்தது. புகை மெல்ல இழைந்து நூலானது. நூல்கள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு மேலே எழும்பின. யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை. பழத்துக்குள் இருந்த ஏதோ ஒன்று தானாகவே எங்கள் முன்னால் எழுந்து வந்துகொண்டிருந்தது.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் வாழ்நாளில் எத்தனை பழம் அறுத்திருப்பேன், எத்தனை பழம் தட்டில் அடுக்கியிருப்பேன். அதற்குள் இது இருந்திருக்கிறது. செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல கொஞ்சம் வேற சாமானும் கலந்திருக்கு. ஆனா மரபணுங்கிறது இந்த நூல்லதான் இருக்கு" என்றாள் நிரோ. "பப்பாசி எப்படி முளைக்கணும், எப்படிப் பழுக்கணும், எல்லாம் இதுலதான். எல்லா உயிர்லயும் இருக்கு. உங்ககிட்ட, என்கிட்ட, அந்த வைரஸ்கிட்டகூட அதோட சொந்தக்காரன் மாதிரி ஒன்னு இருக்கு. அதுல ஒரு சின்னத் துண்ட மட்டும் எடுத்து இந்த நூலோட சேத்துட்டாங்க. பப்பாசி அந்தத் துண்ட வச்சு நோய அடையாளம் கண்டுக்கும். நமக்கு ஒட்டாது."

நஸீர் நானா சிங்களத்தில் சொல்லச் சொல்ல ஆட்கள் வாங்கை விட்டு எழுந்து வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். யாரும் சொல்லாமலே மண்டபத்தில் குரல்கள் தாழ்ந்துவிட்டன.

தம்பி கடைசியாக வந்தான். கிளாஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது சாதாப் பழம்தானே?"

"ஆமா மாமா."

"நீ சொல்ற மாத்தின பழத்தையும் இப்படி வடிச்சா?"

"இதே மாதிரிதான் வரும்."

"ரெண்டையும் பக்கத்துல வச்சா நீ கண்டுபிடிப்பியா?"

"கண்ணால முடியாது. மெஷின் வேணும். என்னால மட்டுமில்ல, யாராலயும் முடியாது."

தம்பி கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. அந்தக் கணக்கு அவனுக்கே பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்ப யாராவது எழுதி வச்சாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

கொழும்பு அம்மையார் முதல்முறையாக நிரோவிடம் நேராகக் கேட்டார், ஆங்கிலத்தில். உங்கள் அபிப்பிராயம் என்ன?

எனக்கு அவள் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்ட பதில். அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவள் தமிழில் தொடங்கினாள்.

"நான் அங்க லேபல் வேணாம்னு சொல்றவ. எழுதினா ஆளுங்க பயந்து ஓடிருவாங்கன்னு சொல்வேன். இன்னைக்கு நானே உங்களப் பயமுறுத்திட்டேன். தப்பாச் சொல்லிப் பயமுறுத்தினேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆனா நீங்க யாரும் எந்திரிச்சுப் போகல. இருந்து கேட்டீங்க. அதனால... எழுதணும். மாத்தினதுன்னு மட்டும் எழுதினாப் பத்தாது. எதுக்கு மாத்தினதுன்னும் எழுதணும்."

நஸீர் நானா இதைச் சிங்களத்தில் சொன்னார். அம்மையார் எழுதிக்கொண்டார். கை உயர்த்தச் சொன்னபோது பெரும்பாலான கைகள் உயர்ந்தன. தம்பியின் கை எல்லோருக்கும் பிறகு, ஆனால் உயர்ந்தது.

6

கூட்டம் கலைந்த பிறகு முன் வாங்கில் இருந்த அந்தப் பெண், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியவள், நிரோவின் முன்னால் வந்து நின்றாள். அவள் சிங்களத்தில் கேட்டதைச் செல்வராணி நிரோவுக்குத் தமிழில் சொன்னாள். அவள் பெயர் பொடிமெனிக்கே. வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். புருஷன் மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார். காலமெல்லாம் விதை போட்ட மனுஷன், இதை ஒருமுறை பார்க்கட்டும், கிளாஸைக் கொண்டுபோகலாமா?

நிரோ தலையாட்டினாள். ஸ்பிரிட் கலந்தது, குடிக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லச் சொன்னாள்.

பொடிமெனிக்கே கிளாஸை இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்தாள். நூல் கலைந்துவிடும் என்ற பயத்தில் அடி மேல் அடி வைத்து நடந்தாள். அது கண்டிக்கும் தம்புள்ளைக்கும் போகிற பெரிய ரோடு. பஸ்கள் பறக்கிற ரோடு. அவள் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, கிளாஸை மட்டும் பார்த்தபடி இறங்கிவிட்டாள். மாத்தளை பஸ் ஒன்று வளைவில் திரும்பி வந்து, கிறீச்சென்று நின்றது. சாரதி ஹோன் அடிக்கக் கையைக் கொண்டுபோனவர், அவள் ஏந்தியிருந்த விதத்தைப் பார்த்து அடிக்காமல் இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த லொறியும் நின்றது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒருவரும் சத்தம் போடவில்லை. அவள் அந்தப் பக்கம் ஏறி, வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும் வரைக்கும் அந்த ரோட்டில் ஒன்றும் அசையவில்லை.

நிரோ என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"லேப்ல இத நாங்க தினம் எடுப்போம் அம்மா. வேலை முடிஞ்சதும் சிங்க்ல ஊத்திருவோம்."



7

சஸ்கட்டூனுக்குத் திரும்பி வந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. கடையில் பெட்டி பிரிக்கிறேன், தட்டில் அடுக்குகிறேன். சட்டம் மாறியதாக இங்கும் செய்தி இல்லை, அங்கும் இல்லை. கந்தோர் வேலை எந்த நாட்டிலும் அதன் வேகத்தில்தான் நடக்கும். தம்பி பப்பாசிக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு இந்தப் போகத்துக்கு மிளகாய் போட்டிருக்கிறான். காணியின் மேல் மூலையில் மட்டும், பூச்சி நுழையாத வலை கட்டி, உள்ளுக்குள் சுத்தமான நாற்று கொஞ்சம் வைத்திருக்கிறான். சாதாரணப் பப்பாசிதான். இதுவரைக்கும் இலை பச்சையாக இருக்கிறது என்று படம் அனுப்பினான். நிரோ தன் வேலையிடத்திலும் அன்று சொன்னதையே சொல்லியிருக்கிறாள். சிலருக்குப் பிடிக்கவில்லை என்றாள். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

போன வாரம் கொழும்பு அமைப்பிடமிருந்து நஸீர் நானா மூலம் ஒரு கேள்வி வந்தது. எதற்காக மாற்றியது என்றும் எழுத வேண்டும் என நாவுலக் கூட்டத்தில் சொன்னார்களே, அதற்கு ஒரு மாதிரி வாசகம் மூன்று மொழியிலும் வேண்டுமாம். சிங்களத்தை நஸீர் நானா பார்த்துக்கொள்வார். ஆங்கிலமும் தமிழும் நிரோ எழுதித் தர முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டு மேசையைத் துடைத்து உட்கார்ந்தாள். ஆங்கிலம் உடனே முடிந்துவிட்டது. தமிழுக்கு மத்தியானம் முழுவதும் போனது. "தாங்கும்" என்பதா "எதிர்க்கும்" என்பதா என்று கேட்டாள். பப்பாசி நோயோடு சண்டை போடுவதில்லை, தாங்கிக்கொள்கிறது என்று அவளே முடிவு செய்தாள். "உங்கள்" என்பதற்கு எந்த ள என்று கேட்டாள். என் கணவர் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்.

எழுதி முடித்ததும் நானாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்றாள். நாவுலவில் அப்போதுதான் விடிந்திருந்தது. தம்பி வலைக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றான்.

"பழமே இன்னும் வரல, அதுக்குள்ள எழுதியாச்சா?" என்று சிரித்தான். பிறகு வாளியைக் கீழே வைத்தான். "சரி, வாசி. மெதுவா வாசி. உங்க அத்தைக்கும் கேக்கட்டும்."

செல்வராணி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். நிரோ தாளைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"இந்தப் பப்பாசி, இலை மஞ்சளாகும் நோயைத் தாங்குவதற்காக, மரபணு மாற்றப்பட்டது. உண்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்."

"இன்னொரு தடவ" என்றாள் செல்வராணி.

நிரோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இந்தமுறை விரல் வைக்கவில்லை. என் மகளின் தமிழ், ஒவ்வொரு சொல்லாக, அத்தனை கடல் தாண்டி, காலைப் பனி இன்னும் காயாத ஒரு காணியில் நிற்கும் இரண்டு பேரிடம் போய்ச் சேர்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.